குடத்துக்குள் கை

தண்ணீர் கொடுத்த கையை ஊர் மறக்காது என்பார்கள். பேச்சிக்கனியின் கையை உப்போடைக் காலனி சாகிறவரைக்கும் மறக்காது. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை, கண்ணுகளா. நினைக்கும்போதெல்லாம் அவர்களுக்குக் குமட்டும்.

இன்னும் பதினைந்து இருபது கோடை கழிந்து நடக்கப்போகிற கதை இது. அப்போதும் வெயில் இதே வெயில்தான், தண்ணீர்ப் பஞ்சமும் இதே பஞ்சம்தான்.

பேச்சிக்கனி காரைமேடு தீயணைப்பு நிலையத்தில் பதினாறு வருஷமாகப் பம்ப் ஆபரேட்டர். தீக்குள் பாய்கிறவர்கள் வேறே. அவள் வண்டியோடு நின்று, தண்ணீரை இழுத்து, அழுத்தம் குறையாமல் குழாய்க்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே போனவன் உயிர் அவள் கையில் இருக்கிற வால்வில் என்பது அவளுக்குத் தெரியும். ஒருநாளும் அழுத்தம் குறைந்ததில்லை.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தீ அணைந்து திரும்பும்போது தொட்டியில் மிச்சமிருக்கிற தண்ணீரைக் காலனி முக்கில் நிறுத்திக் குடங்களில் திறந்துவிடுவாள். சட்டப்படி கூடாது. அதனால் பதிவேட்டில் 'குழாய் கழுவியது' என்று எழுதுவார்கள். அவள் எழுதுவாள், ஸ்டேஷன் ஆபீசர் சுடலைமுத்து கையெழுத்துப் போடுவார். வாரத்துக்கு ஒரு லாரி வருகிற காலனி அது. முப்பத்தெட்டு வீடு. எங்கேயாவது தீப்பிடித்தால் அங்கே குடம் கிளம்பிவிடும்.

அன்றைக்குக் காலை பத்தரைக்கு மணி அடித்தது. பழைய கம்பி ஆலை.

அந்த ஆலையின் கதை ஊருக்கே தெரியும். பழைய இரும்பை உருக்கிக் கம்பி அடித்த இடம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், எந்த ஊரிலோ கழித்துப் போட்ட புற்றுநோய் மிஷின் ஒன்று, உள்ளே இருந்த அணுச்சரக்கை யாரும் எடுக்காமல், இரும்போடு இரும்பாக உலைக்குள் போய்விட்டது. உலை கெட்டது, புகைபோக்கித் தூசி கெட்டது. தூசியை மூட்டை கட்டிக் குடோனில் அடுக்கிப் பூட்டுப் போட்டார்கள். இப்போது புது முதலாளி வாங்க வருகிறார் என்றதும் தூய்மைச் சான்றுக் கழகம் என்று ஒன்று வந்து, இரண்டு மாதம் முன்னால் வாசலில் பச்சைப் பலகை மாட்டிவிட்டுப் போயிற்று. 'இவ்விடம் பாதுகாப்பானது.' பலகை மாட்டிய தைரியத்தில் எவனோ கூரைத் தகட்டை வெட்ட வந்தான். பொறி பறந்து மூட்டைச் சாக்கில் விழுந்தது.

"உள்ள போறவன் முழு சூட்டு போடணும். முகமூடியக் கழட்டணும்னு தோணிச்சுன்னா வெளிய வந்து கழட்டு," என்றார் சுடலைமுத்து.

"எனக்கு சூட்டு, சார்?" என்றாள் பேச்சிக்கனி.

"நீ வேலிக்கு வெளியதானம்மா நிக்கப்போற. ஒனக்கெதுக்கு? இருக்கதே நாலு."

தொட்டித் தண்ணீர் கால்மணி நேரத்தில் தீர்ந்தது. பக்கத்துக் குழாயில் காற்றுதான் வந்தது. ஆலையின் மழைநீர்க் குளம் மட்டும் தெளிந்து கிடந்தது. இருபது வருஷமாக ஆடு மாடு இறங்காத, ஒரு துணி துவைக்காத தண்ணீர். அதன் கரையிலும் ஒரு பச்சைப் பலகை. பேச்சிக்கனி உறிஞ்சுகுழாயைத் தோளில் தூக்கிப் போய், முழங்கை நனைய அமுக்கி, அடிச்சேறு உறிஞ்சாமல் கையாலேயே பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டே காலுக்குத் தீ அணைந்தது. விதிப்படி தொட்டியை மறுபடி நிரப்பிக்கொண்டாள். யார் மேலாவது அணுத்தூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற நீலங்காட்டி வண்டி வரத் தாமதமாகும், ஸ்டேஷனுக்கே வந்து மருந்து அடிக்கிறோம் என்று தகவல் வந்தது. கிளம்பினார்கள்.

காலனி முக்கில் குடங்கள் வரிசையாக இருந்தன.

"எக்கா, இன்னைக்குத் தண்ணி பளிங்கால்லா இருக்கு!" என்று செல்லக்கிளி கூவினாள். வரிசைக்கு அவள்தான் தலைவி. யாருக்கு எத்தனை குடம் என்பதை அவள் வாய்தான் தீர்மானிக்கும். "வாரந்தோறும் எங்கயாச்சும் தீப்பிடிக்கணும்னு மாடனுக்கு நேந்துக்கிடுதேன்."

"ஒன் வீட்டுல பிடிக்கட்டும், அதான் கிட்ட," என்றாள் பேச்சிக்கனி. எல்லோரும் சிரித்தார்கள். பதிவேட்டில் எழுதினாள்: குழாய் கழுவியது, ஒன்று பத்து.

இனி அந்த நீலங்காட்டியைச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு பனி மாதிரியான மருந்து. அணுத்தூசி ஒட்டிய இடத்தில் பட்டால் அரை நிமிஷத்தில் அந்த இடம் நீலமாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத விஷத்தைக் கண்ணுக்குக் காட்டுகிற பொருள் வந்துவிட்டதே என்று முதலில் எல்லோரும் கும்பிட்டார்கள். பிறகு மனுஷர் செய்கிறதைச் செய்தார்கள். தூசி எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை, யார் மேல் இருக்கிறது என்று பார்த்தார்கள். நீலம் பட்டவனுக்கு வாடகைக்கு வீடு இல்லை, பஸ்ஸில் இடம் இல்லை. டீக்கடையில் அவனுக்குத் தனி கிளாஸ், கம்பியில் தொங்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிக்குமுன் 'நீலம் ஏதும் உண்டா?' என்று கேட்டார்கள். அதற்காகவே இன்னொரு மருந்து வந்தது, வெளுப்பான். ஒரு தெளி தெளித்தால் நீலம் போய்விடும். மல்லிகைப்பூ வாசம் வேறு சேர்த்திருந்தார்கள்.

ஸ்டேஷனுக்கு மூன்றரை மணிக்கு வந்து இறங்கினார் கழகத்தின் துணை இயக்குநர் ரகுநந்தன். ஆலைக்குப் பச்சைப் பலகை மாட்டியவர் அவர்தான். சட்டை மடிப்புக் கலையவில்லை. கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டிவிட்டு, பிறகு உட்காராமலே நின்றார்.

உள்ளே போய்வந்த நாலு பேரையும் வரிசையில் நிறுத்தி நீலங்காட்டி அடித்தார்கள். கழட்டிப் போட்ட சூட்டுகளின் அடியில் நீலம், உடம்பில் ஒன்றுமில்லை. நால்வரில் இளையவன் அருள்மணி, "தப்பிச்சேன், மாமியா வீட்டுக்குப் போலாம்," என்று குதித்தான். கடைசியாகப் பேச்சிக்கனி. வேலிக்கு வெளியே நின்றவள்தானே என்று பேருக்கு அடித்தார்கள்.

இரண்டு கையும் முழங்கை வரை நீலமாயிற்று. சாயப்பட்டறையில் முக்கி எடுத்த மாதிரி. சட்டை முன்பக்கத்திலும் குழாய் சாய்ந்த தோளிலும் திட்டுத்திட்டாக நீலம் ஏறியது. அருள்மணி இரண்டு அடி பின்னால் போனான். பதினாறு வருஷம் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்ட சுடலைமுத்துவும் ஒரு அடி போனார். போனது அவருக்கே தெரியாது. அவள் பார்த்தாள்.

பிறகு வண்டியைப் பார்த்தாள். திறப்பு வால்விலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பறந்த பனி பட்டுத் தரையில் அதுவும் நீலமாயிற்று.

"சார்," என்றாள். "உள்ள போனவுகளுக்கு ஒண்ணுமில்ல. வெளிய நின்ன எனக்கு இருக்கு. அப்பம் தீயில இல்ல சார், தண்ணியில. அந்தக் குளத்துல."

"குளத்துக்குச் சான்று இருக்கு," என்றார் ரகுநந்தன்.

"சான்று கெடக்கட்டும். அந்தத் தண்ணிய காலனிக்குக் கொடுத்துட்டேன் சார். முப்பத்தெட்டு வீட்டுக்கும். கூலிக்குப் போனவுக அஞ்சு மணிக்கு வந்து ஒல வைப்பாக. அதுக்குள்ள அங்க வாங்க. ஒரு தெளி போதும், கொடமெல்லாம் நீலமாயிரும், அவுகளே கொட்டிருவாக."

ரகுநந்தன் சுடலைமுத்துவைப் பார்த்தார். "பதிவேட்டுல தண்ணி கொடுத்ததா இருக்கா?"

"குழாய் கழுவினதா இருக்கு சார்," என்றார் சுடலைமுத்து, தரையைப் பார்த்து.

"அப்ப கொடுக்கல." நீலங்காட்டிக் குப்பியை எடுத்து வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு பையிலிருந்து வெளுப்பானை எடுத்தார். "கையக் காட்டுங்கம்மா. பத்து செகண்டு. சுத்தமா வீட்டுக்குப் போகலாம்."

"தூசி போகுமா சார்?"

"நிறம் போகும்."

"தூசி?"

"பாருங்க, தூசின்னு ஒண்ணு இருக்குன்னு நிறந்தான் சொல்லுது. நிறமே இல்லாதப்ப யாரு என்ன சொல்லப்போறா? ஆலை திறந்தா இந்த ஊர்ல ஆயிரம் பேருக்கு வேலை. நாலு குடம் தண்ணிக்காக அதக் கெடுப்பீங்களா?"

மூடியைத் திறந்தார். மல்லிகை வாசம் ஷெட் முழுக்கப் பரவியது. சாவு வீட்டில் பிணம் நாறாமல் இருக்கப் பூவை அள்ளிக் கொட்டுவார்களே, அந்த நாற்றம். பேச்சிக்கனி சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள். ரகுநந்தன் முகத்தைச் சுளித்துக்கொண்டு கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். தன்னைப் பார்த்து ஒரு மனுஷி வாந்தி எடுக்கிறாள் என்று அவருக்குப் படவேயில்லை.

அவள் செல்லக்கிளிக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, தண்ணிய யாரும் தொடாதீங்க. விஷம். கொட்டச் சொல்லு."

"என்னக்கா, பகல்லயே போட்டியா?" செல்லக்கிளி சிரித்தாள். "போன வருசம் ஒருத்தன் வந்து கிணத்துத் தண்ணி விஷம்னான். மூடினோம். அடுத்த மாசம் அதே கிணத்துல அவன் லாரி நிக்கி. முந்தின வருசம் ஒருத்தி வந்து மண்ணு விஷம், காலி பண்ணுங்கன்னா. இப்பம் நீயா?"

"நான் சொல்லுதேன் செல்லக்கிளி. என் கையெல்லாம் நீலமா இருக்கு."

சிரிப்பு நின்றது. "நீலமா? அப்பம் இங்கிட்டு வந்திராதக்கா. கொழந்தைக இருக்க எடம்." போன் அறுந்தது.

அந்த ஒரு பேச்சில் பேச்சிக்கனிக்கு இரண்டும் விளங்கிப்போயிற்று. அந்தக் காலனியில் சொல்லுக்கு மதிப்பில்லை, யார் யாரோ வந்து செலவழித்துவிட்டுப் போயிருந்தார்கள். நீலத்துக்கு மட்டும் மதிப்பு இருக்கிறது.

"நீலத்தோட வெளிய போனா சட்டப்படி குத்தம்," என்று ரகுநந்தன் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தார். சுடலைமுத்து குறுக்கே வந்து நின்றார், கையை நீட்டவில்லை. "பேச்சி, ஒனக்கு இன்னும் பத்து வருசம் சர்வீஸ் இருக்குட்டி."

"வெலகுங்க சார். பட்டுரும்," என்றாள். விலகினார்.

ஸ்கூட்டரில் போனாள். அரைக்கைச் சட்டை. மார்க்கெட் சிக்னலில் இரண்டு நீலக்கைகள் ஹேண்டிலைப் பிடித்து நின்றதைக் கண்டதும் ஆட்டோவும் பைக்கும் ஒதுங்கின. ஆம்புலன்ஸுக்குக்கூட அந்த ஊர் அப்படி வழி விட்டதில்லை.

காலனிக்குள் நுழையும்போது மணி நாலரை. செல்லக்கிளி ஒரு கையில் விளக்குமாறோடு முக்கிலேயே நின்றாள்.

"அங்கயே நில்லுக்கா. வெளுத்துட்டு வா, பேசலாம்."

"வெளுத்துட்டு வந்தா நீ நம்புவியாட்டி? இந்தா, இது ஒங் கொடத்துத் தண்ணி செஞ்ச நீலம்."

"நீ அந்த ஆலைக்குள்ள எதையெல்லாம் தொட்டியோ! யாரு கண்டா?" பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். மத்தியானம் சிரித்த அதே முகங்கள். "தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. நீதான் நாறுத."

செல்லக்கிளியின் வாசலில் அவள் மருமகள் அரிசியைக் களைந்துவிட்டு, குடத்தைச் சாய்க்கக் கை வைத்தாள். ஏழு மாத வயிறு. பேச்சிக்கனி பேச்சை விட்டாள். நாலே எட்டில் போனாள். குடத்துக்குள் வலது கையை முழங்கை வரை விட்டாள்.

மருமகள் அலறியது எட்டு ஊருக்குக் கேட்டிருக்கும். குடம் உருண்டது. தண்ணீர் வாசலில் ஓடியது.

"அடிப்பாவி! சண்டாளி! எங் கொடத்துலயா கைய விட்ட!" விளக்குமாறு பறந்து வந்து அவள் முதுகில் விழுந்தது.

பேச்சிக்கனி அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கே இரண்டு குடம். இரண்டிலும் விட்டாள். அதற்கடுத்த வீட்டில் அண்டா. கதவைச் சாத்திய வீட்டில் ஜன்னல் வழியாக விட்டாள். ஒவ்வொரு குடமாகக் கை போகப்போக அவளுக்கே அவள் கை அருவருத்தது. சாக்கடைக்குள் கையை விட்டுத் துழாவுகிற மாதிரி, அதுவும் பிறத்தியார் வயிற்றுக்குள் துழாவுகிற மாதிரி. ஆண்கள் கம்போடு ஓடி வந்தார்கள். கம்பை ஓங்கினார்களே தவிர நெருங்கவில்லை, அடித்தால் கம்பில் ஒட்டும், கம்பிலிருந்து கைக்கு வரும். அவளைப் பிடித்து நிறுத்த ஒரே ஒரு கை போதும். அந்த ஒரு கை அத்தனை பேரிலும் இல்லை.

"வாசல்ல கொட்டாதீங்க! ஓடைப் பள்ளத்துல கொண்டு கொட்டுங்க! கொடத்தையும் தூரப் போடுங்க!" என்று கத்திக்கொண்டே போனாள். கெட்ட வார்த்தைகளோடு குடங்கள் பள்ளத்துக்குப் போயின.

மாடத்தி என்று ஒருத்தி, அறுபது இருக்கும், தன் குடத்தைத் தானே வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். "எங்க தாத்தன் கை பட்டுச்சுன்னு ஊர்க்காரன் கிணத்தையே எறைச்சு ஊத்துனானாம்," என்றாள். "இப்பம் ஒங் கை பட்டுச்சுன்னு நாங்க ஊத்துதோம். விடு தாயி, எங் கொடத்துலயும் விடு. நீ கிறுக்கியா இருக்கலாம். கிறுக்கிக இம்புட்டு அழமாட்டாளுக."

அப்போதுதான் தான் அழுகிறோம் என்று பேச்சிக்கனிக்குத் தெரிந்தது.

கடைசி வீடு, முப்பத்தெட்டு. பூட்டவில்லை. குடம் கவிழ்த்து வைத்திருந்தது. இரண்டு பெண் குழந்தைகள், நாலு வயதும் ஆறு வயதும் இருக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தன.

"தண்ணி எங்க பாப்பா?"

"குடிச்சிட்டோம்," என்றாள் பெரியவள். "இனிப்பா இருந்துச்சு. மிச்சத்துல குளிச்சோம். அம்மா அடிப்பாக, சொல்லிராதீங்க."

சின்னவள் அவளுடைய கையை அதிசயமாகப் பார்த்து, தொட்டுப் பார்க்க விரலை நீட்டினாள். அன்றைக்கு அவளைத் தொட வந்த ஒரே விரல் அது. பேச்சிக்கனி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள்.

போலீஸ் ஜீப் வந்தது. பின்சீட்டில் பாலிதீன் விரித்து அவளை உட்காரவைத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மேசையில் ரகுநந்தன் அறிக்கையோடு காத்திருந்தார். முகம் மலர்ந்திருந்தது. காலனியே திரண்டு அவள் மேல் புகார் சொல்லியிருந்தது, அவர் கேட்காமலே.

"படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா கேஸ் இன்னும் பெரிசாகும்."

படித்தாள். தீ விபத்துக்கும் ஆலைக் குளத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பணியாளர் பேச்சிக்கனி, பணியிடத்தில் தன் கவனக்குறைவால் கையில் பட்ட கதிரியக்கத் தூசியைச் சுத்தம் செய்ய மறுத்து, மனக்கிளர்ச்சியில், உப்போடைக் காலனி வீடுகளின் குடிநீரில் கையை விட்டு மாசுபடுத்தினார்.

சுடலைமுத்து பின்னாலேயே வந்திருந்தார். "போடாதம்மா," என்றார் மெல்ல. "பச்சப் பொய்யி. வேல போயிரும். ஜெயிலும் உண்டு. நானே வந்து சொல்லுதேன், தண்ணி கொடுத்தோம்னு."

"அப்படிச் சொன்னா என்ன ஆகும் சார்?"

"விசாரிப்பாக."

"எத்தன வருசம்?"



பேச்சிக்கனி ரகுநந்தனிடம் திரும்பினாள். "மாசுபடுத்தினேன்னு எழுதியிருக்கீங்க. மாசுபட்ட வீட்டுக்காரங்களுக்குச் சட்டப்படி என்ன சார் செய்யணும்?"

சட்டம் என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சட்டத்தை எழுதியதில் அவருக்கும் பங்குண்டு. "தனிநபர் குத்தத்தால மாசுபட்டா, அந்த வீட்டுல இருக்கவங்க எல்லாருக்கும் பத்து வருஷம் அரசு மருத்துவப் பரிசோதனை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. தினம் சுத்தமான குடிநீர். அறிக்கை பதிவான அன்னைக்கே தொடங்கணும். அதெல்லாம் பக்காவா இருக்கும்மா."

"இதுல வீட்டு நம்பர் ஒண்ணும் எழுதலையே."

"காலனி வீடுகள்னு போட்டாச்சே."

"நாளைக்கு எந்த வீடுன்னு கேப்பாக சார். குத்தத்த ஒழுங்கா எழுதுங்க. ஒண்ணாம் நம்பர்ல இருந்து ஒண்ணு விடாம."

ரகுநந்தன் எழுதத் தொடங்கினார். குற்றவாளியே குற்றத்தைக் கூட்டிச் சொன்னால் யாருக்குக் கசக்கும்? அவள் ஒவ்வொரு வீட்டிலும் குடியிருப்பவர் பேரையும் ஆள் எண்ணிக்கையையும் சொல்லச் சொல்ல எழுதினார். செல்லக்கிளி வீட்டில் ஐந்து பேர் என்று புகாரைப் பார்த்துச் சொன்னார் ரகுநந்தன். "ஆறுன்னு போடுங்க, மருமக வயித்துல ஒண்ணு இருக்கு," என்றாள். முப்பத்தேழில் பேனாவை நிறுத்தினார்.

"அவ்வளவுதான். முப்பத்தெட்டுல குடம் காலியா இருந்துச்சு, அங்க கை விடலன்னு போலீஸ்ல சொன்னாங்களே?"

"விட்டேன் சார்," என்றாள் பேச்சிக்கனி. "நல்லா முழங்கை வரைக்கும் விட்டேன். அந்தத் தண்ணியத்தான் பிள்ளைக குடிச்சதுக. ரெண்டு பொம்பளப் பிள்ளைக. பேரு கேட்டு எழுதிக்கோங்க."

சுடலைமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரகுநந்தன் எழுதி முடித்து, காகிதத்தையும் பேனாவையும் விரல் நுனியால் அவள் பக்கம் தள்ளினார். அவள் ஒவ்வொரு பக்கத்திலும், அடித்துத் திருத்திய இடங்களிலும் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை நீட்டினாள்.

"வேண்டாம்," என்றார், நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு. "நீங்களே வெச்சுக்கோங்க."